நாலடிக் குழி

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு குழி இருக்கிறது. இருபதடி நீளம், பத்தடி அகலம், ஆழம் சரியாக நாலடி. வீட்டுக்கு வருகிறவர்கள் பின்வாசலுக்கு வந்ததும், "செப்டிக் டேங்க்கா?" என்று கேட்கிறார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் பண்ணைக்குட்டையா என்பார்கள். "இல்லை, எனக்கு வெட்டின நீச்சல் குளம்" என்று நான் சொன்னால் சிரிப்பு வந்துவிடும். சிரிக்கட்டும். ஐம்பத்தாறு வயதில் முட்டி வீங்கிய பெண்டாட்டிக்காகக் கோவில்பட்டிச் சுற்றுவட்டக் கரிசலில் நீச்சல் குளம் வெட்டியவர் என் வீட்டுக்காரர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

முட்டி போனது கோடையில். காய்ந்த பருத்திமார்ச் செடிகளைப் பிடுங்குகிற ஆட்களோடு காட்டுக்குப் போயிருந்தேன். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற காலம். எத்தனையோ வருஷமாக அந்த வெடிப்புகளைத் தாண்டி நடந்தவள்தான். அன்றைக்கு யாரையோ ஏசிக்கொண்டே நடந்தேன், இடது கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. காலை வெளியே எடுத்தார்கள். முட்டி மட்டும் பழைய முட்டியாக வரவில்லை.

தைலம், ஒத்தடம், மூலிகைப் பத்து என்று நாலு மாதம் ஓட்டினேன். புரட்டாசியில் கோவில்பட்டியில் எலும்பு டாக்டரிடம் போனபோது இரண்டு முட்டியுமே தேய்ந்திருப்பதாகச் சொன்னார். ஆபரேஷன் செய்து மாற்றலாம். அதற்கு முன்னால் ஆறு மாதம் தண்ணீருக்குள் நடந்து பாருங்கள், உடம்புப் பாரம் முட்டிக்கு வராது, நீச்சல் அடித்தால் இன்னும் நல்லது என்றார்.

நீச்சலா! எங்கள் ஊரில் பையன்கள் கிணற்றில் குதித்துக் குதித்துப் படித்தார்கள். அதே கிணற்றில் நாங்கள் தண்ணீர் இறைத்தோம். எங்களுக்கும் தண்ணீருக்கும் இருந்த உறவு குடத்தோடு சரி.

ஆனால் எனக்குக் கத்தி என்றால் பயம். அதைவிடப் பெரிய பயம், காட்டுக்குப் போக முடியாமல் வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை விசாரிக்கிற ஆளாகிவிடுவேனோ என்பது. எங்கள் காட்டுக்கும் அடுத்த காட்டுக்கும் நடுவில் இருக்கிற பொழியை, ஒரு சாண் உயர மண்வரப்பு அது, அதைத் தாண்ட எனக்கு அப்போது ஒருத்தர் கை வேண்டியிருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிடும், வலியால் இல்லை, ஆத்திரத்தால்.

அடுத்த வாரமே பஸ் ஏறி, கோவில்பட்டியில் பைபாஸ் பக்கம் ஒரு நீச்சல் குளம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். பதினொரு மணி முதல் பன்னிரண்டு வரை பெண்கள் நேரம். சுற்றிலும் தகரம் அடித்து மறைத்திருந்தார்கள். உள்ளே ஏழு பெண்கள். பாதிப் பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வெங்காய விலை பேசினார்கள். சொல்லிக்கொடுக்கிற பிள்ளைக்கு இருபத்தைந்து வயது இருக்கும். எல்லோரும் டீச்சர் என்று கூப்பிட்டார்கள்.

"சேருங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்றாள் அவள். "பத்துப் பேராவது இல்லாட்டா இந்த நேரத்த எடுத்துட்டு ஆம்பளைகளுக்கே குடுத்துருவோம்னு சொல்லுதாக. மாசக் கடைசி வரைக்கும்தான் கெடு."

அங்கேயே பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன். நான் எட்டாவது ஆள்.

வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர் சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டார்.

"ஊருக்குப் பொதுவான குளத்துல நீ போயி இறங்கப் போறியா?"

"ஆம்பளைக யாரும் கிடையாது. பொம்பளைக மட்டுந்தான்."

"யாரா இருந்தா என்ன? வேண்டாம். கொல்லையில எடம் சும்மாதான கிடக்கு? நான் கட்டித் தாரேன். உனக்கே உனக்குன்னு. நெனச்ச நேரம் இறங்கு, நெனச்ச நேரம் ஏறு."

முப்பத்தைந்து வருஷத்தில் எனக்கே எனக்கென்று அவர் கொடுப்பதாகச் சொன்ன முதல் பொருள் அதுதான். மனசு கொஞ்சம் இளகியது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம். நான் என்ன உடுத்தியிருக்கிறேன் என்று பார்க்க நாதி இருக்காது. இரண்டு ராத்திரி கொல்லைக் குளத்தில் மிதந்தபடியேதான் தூங்கினேன்.

மூன்றாம் நாள் குடிதண்ணீர் வந்தது. எங்கள் தெருவில் வாரத்துக்கு ஒரு நாள் வரும். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு நின்றபோது எனக்கு முன்னால் பதினைந்து குடங்கள். இத்தனை குடங்களைத் தாண்டி ஒரு தண்ணீர் லாரி எங்கள் கொல்லைக்குப் போவதை நினைத்துப் பார்த்தேன். முட்டியைவிட முகம் அதிகமாக எரிந்தது. அதோடு, அந்தக் குளத்தில் நான் ஒருத்தி தனியாக நின்று என்ன செய்வேன்? வெங்காய விலையை யாரிடம் பேசுவேன்? பாசி பிடித்தால் தேய்ப்பது யார்? நான்தான், இந்த முட்டியோடு.

"எனக்குக் கொல்லையில வேண்டாம். நான் டவுனுக்கே போறேன்," என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் மண் தோண்டுகிற வண்டி கொல்லையில் நின்றது. நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால், அவர் பிடித்ததற்கு இரண்டரைக் கால்தான் இருக்கும்.

வண்டி தோண்டத் தோண்ட அவர் குழிக்குள் இறங்கி இறங்கி ஏறினார். நாலடி ஆனதும் உள்ளே நின்று, விளிம்பு தன் நெஞ்சில் எங்கே வருகிறது என்று கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். "போதும், நிறுத்துங்க" என்றார். கரிசலில் கட்டடம் என்றால் கரிசல் தீர்ந்து சரளை தட்டுகிறவரை தோண்ட வேண்டும். இல்லாவிட்டால் மழைக்கு மண் ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், சுவர் பிளந்துவிடும். சின்னப்பிள்ளைக்கும் இது தெரியும். ஊரில் யார் அஸ்திவாரம் தோண்டினாலும் போய் நின்று, "இன்னும் தோண்டுங்கப்பா" என்று சொல்லுகிற மனுஷன், சரளை தட்டுவதற்குள் நிறுத்தியது எனக்கு விசித்திரமாக இருந்தது. சிக்கனம் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

அந்த வாரமே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாளில் குழியின் ஒரு பக்கம் பொதபொதவென்று சரிந்து, மீதியில் காப்பி நிறத்தில் தண்ணீர் நின்றது. அதன் கரையில் குடையோடு நின்றவரிடம் போனேன்.

"பாத்தீங்களா? இது நடக்காது. மாசம் முடிய நாலு நாள்தான் இருக்கு. நான் போறேன்."

"தை பெறக்கட்டும். கல்லு வச்சுக் கட்டிருவோம்."

"நாலடியில எந்தக் கட்டடம் நிக்கும்? உங்களுக்குத் தெரியாததா? நாலு பேரு என்னப் பாத்துருவாங்கன்னுதான இந்தக் கூத்து? ஊர் வாய மூட உலைமூடி கிடையாது. நான் நொண்டிக்கிட்டு நடக்கத இந்த ஊரே பாக்குது. அதுல போகாத மானமா தண்ணிக்குள்ள போகப் போகுது?"

அவர் என்னைப் பார்க்காமல் குழியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மானமாவது, மண்ணாவது. அங்கன ஒரு பக்கம் ஆறடியாம். நான் போயி விசாரிச்சேன். நீ வழுக்கி அந்தப் பக்கம் போயிட்டன்னா யாரு தூக்குவா?"

"டீச்சர் இருக்கு. நீங்க இருக்கீங்க, வெளிய உக்காந்திருங்க."

"நான் இருந்து என்னத்துக்கு ஆகும்? எனக்கு நீச்சல் தெரியாதுட்டி."

மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்டேனா என்றே சந்தேகமாகிவிட்டது. எட்டு வயதில் கிணற்றில் தள்ளிவிட்டார்களாம். முடியைப் பிடித்துத் தூக்கினார்களாம். அதற்குப் பிறகு தண்ணீரில் இறங்கியதில்லையாம். கிணற்று மோட்டாருக்கு அடியில் அடைப்பு எடுக்க எப்போதும் கூலிக்கு ஆள் கூப்பிடுவார். குற்றாலத்துக்குப் போனால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லோருடைய செருப்புக்கும் காவல் நிற்பார். சளி பிடித்திருக்கிறது என்பார். முப்பத்தைந்து வருஷச் சளி. நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

"நாலடின்னா எனக்கு நெஞ்சு மட்டும்தான் வரும்," என்றார். "நீ விழுந்தாலும் நடந்து வந்து தூக்கிருவேன்."

இந்த மனுஷனையா ஊர்ப் பேச்சுக்குப் பயந்தவர் என்று மனசுக்குள் வைதுகொண்டிருந்தேன் என்று வெட்கமாக இருந்தது. கட்டிப் பிடித்து அழுதிருப்பேன், பக்கத்து வீட்டு மதினி மாடியில் துணி எடுத்துக்கொண்டு நின்றாள்.

ஆனால் மனசு மாறவில்லை. முன்னைவிட இறுகிவிட்டது.

"அப்படின்னா நான் கண்டிப்பாப் படிக்கணும். வீட்டுல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும்லா?"

அவர் குடையை என் பக்கம் சாய்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

இன்னும் இரண்டு பேர் வேண்டும். அன்றைக்குச் சாயங்காலமே மதினி வீட்டுக்குப் போனேன். அவளுக்கு இடுப்பு வலி.

"வயசான காலத்துல பேண்ட்டைப் போட்டுக்கிட்டு நான் வரணுமா, மதினி?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பேண்ட்டு உங்களத் திங்கவா போகுது? தகரத்துக்குள்ள யாரு பாக்கா? நனைஞ்சதுக்கு அப்புறம் முக்காடு எதுக்கு?"

"தலைக்குத் துணியில பை மாதிரி ஒண்ணு மாட்டணுமாம்ல?"

"அதுலதான் உங்களுக்கு வயசு குறையும்."

அவளுடைய மருமகளுக்கு இதற்குள் ஆசை வந்துவிட்டது. மாமியாரைச் சம்மதிக்க வைக்கிற வேலையை அவளே பார்த்துக்கொண்டாள். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் மூன்று பேரையும் மிளகாய் மூட்டை ஏற்றுகிற லோடு ஆட்டோவில் உட்காரவைத்து, ஓட்டிக்கொண்டு போனவர் என் வீட்டுக்காரர்தான். வாசலில் இறக்கிவிட்டுவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தார். எங்கள் கிணற்று வாளிக் கயிறு. அதை டீச்சரிடம் நீட்டினார்.

"இத உள்ள எங்கயாச்சும் மாட்டி வையிம்மா. கைக்கு எட்டுத மாதிரி."

"எங்ககிட்ட டியூப் எல்லாம் இருக்கு, அய்யா."

"இருக்கட்டும். இது கிணத்துக் கயிறு. அறாது."

அந்தப் பிள்ளைக்கு நல்ல மனசு. சிரிக்காமல் வாங்கி, ஆறடி ஆழமான பக்கத்துச் சுவரில் ஆணியில் மாட்டினாள்.

முதல் நாளே என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். தலையில் எண்ணெய். எண்ணெய் வைத்துக்கொண்டு இறங்கக் கூடாது என்று போர்டே எழுதி வைத்திருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து எண்ணெய் காயாத தலையைச் சீயக்காயால் இரண்டு முறை அலசிவிட்டு வந்தேன். மதினி மஞ்சள் பூசிய முகத்தோடு இறங்கப் பார்த்து அவளும் திரும்பினாள். ஒருவழியாகத் தண்ணீரில் கால் வைத்து, நெஞ்சளவு நின்று, ஓர் எட்டு எடுத்து வைத்தேன். வலி இல்லை. இன்னோர் எட்டு. அப்போதும் இல்லை. ஆறு மாதமாக நான் வலியில்லாமல் ஓரடி வைத்ததில்லை. அந்தக் குளத்துக்குள்ளேயே நின்று அழுதேன். முகமெல்லாம் ஏற்கெனவே நனைந்திருந்ததால் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

கார்த்திகை முழுக்க நடந்தேன். மார்கழியில் மிதக்கக் கற்றுக்கொண்டேன். மூக்கில் ஏறாத தண்ணீர் இல்லை, குடிக்காத தண்ணீர் இல்லை. மதினி கம்பியை விட்டதே பொங்கல் கழித்துத்தான். ஒவ்வொரு நாளும் ஆழமான பக்கத்தைப் பார்ப்பேன், சுவரில் கயிறு தொங்கும், திரும்பிவிடுவேன். வெளியே தகரத்துக்கு அந்தப் பக்கம் லோடு ஆட்டோவில் அவர் உட்கார்ந்திருப்பார். எங்களில் யாராவது சத்தமாகச் சிரித்தால்கூட ஹாரன் அடித்து, "என்ன ஆச்சு?" என்று கேட்பார். "ஒண்ணும் இல்ல!" என்று பத்துப் பொம்பளைகளும் சேர்ந்து கத்துவோம்.

மாசியில் ஒரு நாள், டீச்சர் பக்கத்தில் வர, அந்தக் கோடிவரை நீந்திவிட்டேன். காலுக்குக் கீழே தரை இல்லை என்பது நடுவில்தான் உறைத்தது. திரும்பினால் எவ்வளவு தூரமோ, முன்னால் போனாலும் அவ்வளவு தூரம்தான். போனேன். சுவரைத் தொட்டபோது கயிறு தலைக்கு மேலே ஆடியது. நான் அதைத் தொடவில்லை.

வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார்.

"ஆழத்துக்குப் போனியா?"

"போனேன்."

"கயிறு?"

"அங்கனயேதான் தொங்குது. நான் தொடல."

வண்டியைக் கிளப்பினார். பிறகு, "நாளைக்கு வரும்போது எடுத்துட்டு வந்துரு. வாளிக்குக் கயிறு இல்லாம சிரமமா இருக்கு," என்றார்.

அன்று சாயங்காலம் பருத்திக்காட்டுக்குப் போனேன். பொழியைத் தாண்டும்போது கையை நீட்டினார். நான் பிடிக்காமலே தாண்டினேன். ஆபரேஷனை இப்போதைக்கு மறந்துவிடுங்கள் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். பெண்கள் நேரத்துக்கு இப்போது பதினான்கு பேர் வருகிறோம். கொல்லைக் குழியில் நின்ற மழைத் தண்ணீரை மாசி வரைக்கும் தெருவில் இருக்கிற ஆடெல்லாம் குடித்தது.

கயிற்றை மட்டும் நான் எடுத்து வரவில்லை. வாளிக்குக் கடையில் வேறு கயிறு வாங்கிப் போட்டுவிட்டேன். ஆண்கள் நேரம் காலை ஆறு மணிக்கு. எட்டு வயதில் கரையேறினவரை மறுபடியும் இறக்காமல் நான் விடுவதாக இல்லை. அவர் இறங்குகிற நாளில் அந்தக் கயிறு அங்கே இருக்க வேண்டும்.