மிச்ச நிமிடத்துக்கு ஒரு பாட்டு

எண்பதுகளில், தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவில் பாட்டு ரெக்கார்டிங் செய்து கொடுத்த கடைகளில் என் சித்தப்பாவின் கடையும் ஒன்று. வேண்டிய பாட்டுகளைச் சொன்னால் வெற்றுக் கேசட்டில் வரிசையாகப் பதிந்து கொடுப்போம். மெஷின் முன்னால் உட்கார்ந்தவள் நான். படித்து முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் தேடவே இல்லை. அந்த நாற்காலியே எனக்குப் போதும். மெஷினில் சத்தத்தின் அளவு காட்டும் முள் ஆடுவதைப் பார்த்தே எந்த இடத்தில் சத்தம் பிசிறும் என்று சொல்லிவிடுவேன். என்னைப் போல் சுத்தமாகப் பதிகிற ஆள் அந்த வட்டாரத்தில் கிடையாது. இதில் அடக்கம் காட்ட எனக்கு விருப்பமில்லை.

எங்கள் தொழிலில் ஒரே ஒரு தலைவலி இருந்தது. கேசட்டின் ஒரு பக்கம் அரை மணி நேரம் ஓடும். பாட்டுகள் அதற்குள் அளவாக முடிவதில்லை. கடைசியில் ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ மிஞ்சும். காலியாக விட்டால், "முழு கேசட்டுன்னுதானே சொன்னீங்க, கடைசியில ஊமையா ஓடுது?" என்று வந்து நிற்பார்கள். அதனால் ஏதாவது வாத்திய இசையைப் போட்டு அடைத்து, பாதியில் வெட்டுவோம். பாட்டைப் பாதியில் வெட்டும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படியிருக்கும்போதுதான் நகரத்தில் பழைய இசைத்தட்டு விற்கிற கடையொன்றில் ஒரு பத்திரிகை கிடைத்தது. பத்திரிகை என்பதே அதிகம். போட்டோகாப்பி எடுத்து மடித்து இரண்டு பின் அடித்த தாள்கள். அதன் பின்பக்கம் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, பின்லாந்து என்று எங்கெங்கோ இருந்த பங்க், ராக் இசைக் குழுக்களின் முகவரிகள். கம்பெனி எதையும் நம்பாமல் தாங்களே பாடித் தாங்களே பதிகிற ஆட்கள். வெற்றுக் கேசட்டும் திரும்பி வரத் தபால் கட்டணமும் அனுப்பினால் போதும், பாட்டுகளைப் பதிந்து அனுப்புவார்கள். விலை கிடையாது. பிடித்தால் நண்பர்களுக்கும் காப்பி எடுத்துக் கொடு, ஆனால் யாரிடமும் காசு வாங்காதே என்று ஒரு வரி. வெற்றுக் கேசட்டுக்கு என்னிடம் பஞ்சமா? அன்றைக்கே தபால் நிலையத்துக்குப் போனேன்.

முதல் பார்சல் வந்தபோது கடையில் யாருமில்லை. போட்டுக் கேட்டேன். கித்தார் இரைந்தது, டிரம்ஸ் துரத்தியது, ஒரு பெண் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். என்ன சொல்கிறாள் என்று பாதிதான் புரிந்தது. ஒரு நிமிடத்துச் சொச்சத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் உட்காரவே முடியவில்லை. ஒரு பெண் அப்படிக் கத்தலாம், அதைப் பாட்டு என்றும் சொல்லலாம் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. மூச்சு வாங்கியபோது இன்னொன்றும் உறைத்தது. மிச்ச நிமிடத்தை அடைக்க இதைவிட அளவான சரக்கு உலகத்தில் இல்லை.

அன்றிலிருந்து காதல் பாட்டுக்குப் பின்னால் ஒன்று, பக்திப் பாட்டுக்குப் பின்னால் ஒன்று. எதையும் வெட்டவில்லை.

இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. குவீன்ஸ்டவுனிலிருந்து வந்த ஒருவர், "உங்க மெஷின் டேப்பை மென்னு துப்பிடுச்சு லா" என்றார். அடுத்தவர் தன் ரேடியோவே கெட்டுப்போனதாக நினைத்து ரிப்பேருக்குக் கொடுத்திருந்தார். சித்தப்பா ஹெட்போனை மாட்டிக் கேட்டார். முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே.

"என்ன புள்ள இது? மாவு மில்லுல கல்லு விழுந்த மாதிரி இருக்கு."

"பாட்டு சித்தப்பா."

"யாரு கேட்டா?"

நான் பட்டனை அமுக்கி டேப்பை நிறுத்தினேன்.

"நல்லாருக்குன்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர் வந்து கேக்கட்டும். அதுவரைக்கும் நீ மெஷினைத் தொடாத. மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். யாரும் வரலைன்னா வேற ஆள் போட்டுடுவேன்."

என்னைக் கல்லாப் பக்கம் மாற்றினார். யாராவது வருவார்கள் என்று அலட்டிக்கொள்ளாமல் இருந்தேன். மாதம் முடிய முடிய அந்தத் தெனாவட்டு கரைந்தது. வேறொருவர் கைக்கு என் நாற்காலி போய்விடும் என்று நிஜமாகவே பயந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கிளமெண்டியிலிருந்து ஓர் ஆன்ட்டி வந்தார். வெள்ளைச் சேலை, கழுத்தில் சிலுவை. கையில் எங்கள் கடைக் கேசட். மாதா பாட்டுகள் என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தது. தடை வருவதற்கு முன் யாரோ ஒருவர் வந்து கேட்டு வாங்கிப் போனது.

"வீட்டுக்காரர் தவறிட்டாரு. முப்பதாம் நாள் ஜெபத்துக்குப் போடத்தான் அண்ணன் மகனை வாங்கிட்டு வரச் சொன்னேன்" என்றார்.

மாதா கோயில்காரர்கள் எல்லோரும் கூடியிருந்த துக்க வீட்டில், மாதா பாட்டு முடிந்த கையோடு அந்தப் பெண் கத்தியிருக்கிறாள். சித்தப்பா என்னைப் பார்த்த பார்வையில் மாசக் கடைசி அன்றைக்கே வந்துவிட்டது. "மன்னிச்சிருங்க அக்கா, புதுசு போட்டுத் தரேன்" என்று கேசட்டுக்குக் கை நீட்டினார்.

ஆன்ட்டி கொடுக்கவில்லை. "எல்லாரும் ஓடிப்போய் நிறுத்தினாங்க தம்பி. நான் அப்புறம் தனியா போட்டுக் கேட்டேன்." கேசட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அவரு போனதிலேர்ந்து ஆளாளுக்குப் பொறுமையா இரு, பொறுமையா இருன்னுதான் சொல்றாங்க. அந்தப் புள்ள ஒருத்திதான் எனக்காகக் கத்துச்சு. அது மட்டும் ரெண்டு பக்கமும் வேணும். கிடைக்குமா?"

ஜெயித்துவிட்டோம் என்று குதிக்க வேண்டிய நேரத்தில் எனக்கு அழுகைதான் வந்தது.

சித்தப்பா என்னிடம் அந்தத் தபால் கேசட்டைக் கேட்டு வாங்கினார். தானே மெஷினில் போட்டு, புதுக் கேசட்டைச் சொருகினார். பிறகு நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, ஆன்ட்டியிடம் திரும்பினார்.

"ரொம்ப இரைச்சலா இருக்கும்க்கா. கொஞ்சம் குறைச்சுப் பதியச் சொல்லவா?"

"வேணாம் தம்பி" என்றார் ஆன்ட்டி. "குறைக்காதீங்க."