மேற்கே வாரம் கூடுதல்

உலகத்தில் எந்த நாட்டுக்காரன் சராசரியாக என்ன சம்பாதிக்கிறான் என்று ஒரு பத்திரிகையில் படித்துத் தொலைத்தேன். நாற்பத்திரண்டு வயது வரை அது தெரியாமல் நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது யுத்தத்துக்கு முந்தின காலம். தென்காசியில் ஒரு பண்ணையாரிடம் கணக்கப்பிள்ளை வேலை; மாதம் பதினெட்டு ரூபாய். குற்றாலத்துச் சாரலுக்கு வந்த பட்டணத்துக்காரர் யாரோ காப்பிக் கடையில் விட்டுப்போன பத்திரிகை அது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கூலிக்காரன் வாங்குவதை ரூபாயில் போட்டிருந்தான். மாதத்துக்கு என்று நினைத்தே வயிறு எரிந்தது. மறுபடி பார்த்தால், வாரத்துக்காம். காப்பி ஆறிப்போனது. ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் கிறுக்கினேன்: ‘மேற்கே வாரம் கூடுதல். இங்கே ரொம்பக் குறைவு. கேட்க நாதியில்லை.’ ரோஷம் தீர்ந்தது. காகிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கணக்கு எழுதப் போய்விட்டேன்.

மறுநாள் காலை என் வீட்டுக்காரியிடம் காட்டலாம் என்று பையைத் தடவினால் காகிதம் இல்லை. யோசித்தேன். முந்தின நாள் சாயங்காலம் மூக்குக்கண்ணாடியை எடுத்தபோது அதுவும் கூட வந்தது, மேஜைமேல் வைத்தேன். அன்றே மேஜைமேல் இருந்ததை எல்லாம் கட்டி, குற்றாலம் பங்களாவில் சாரலுக்குத் தங்கியிருந்த பண்ணையாருக்கு அனுப்பிவிட்டேன். அந்தக் கட்டுக்குள் இருந்தவை வீரகேரளம்புதூர் வயல்களின் கணக்குச் சீட்டுகள்.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கம் வாரம் என்றால் ஏழு நாள் மட்டும் இல்லை. பயிரிட்டவனுக்கு விளைச்சலில் கிடைக்கிற பங்குக்கும் அதுதான் பெயர். வீரகேரளம்புதூர்க்காரர்கள் அந்த மாதம்தான் வாரத்தைக் கூட்டிக் கேட்டு, அறுக்கமாட்டோம் என்று நின்றார்கள். மேற்கே என்றால் எங்களுக்கு ஐரோப்பாவும் இல்லை, செங்கோட்டை. ஆக, பண்ணைக்கு எதிராக ஒரு கலக நோட்டீஸ், என் கையெழுத்தில், நானே கட்டி அனுப்பியது.

“என்ன இப்படி முழிக்கிய?” என்றாள் வீட்டுக்காரி.

“வேலை போச்சு.”

“எந்த வேலை? ஒங்களுக்கு இருக்கதே ஒண்ணுதான!”

குற்றாலத்துக்குக் குதிரை வண்டி பிடித்தேன். நேற்றே படித்திருப்பாரோ, இன்று காலைதான் பிரிப்பாரோ? “கொஞ்சம் மெதுவாப் போங்க” என்றேன். அடுத்த நிமிஷம் “விரட்டுங்க, விரட்டுங்க” என்றேன்.

“அண்ணாச்சி, ஒரு முடிவுக்கு வாங்க. குதிரைக்கும் மானம் இருக்கு” என்றார் வண்டிக்காரர்.

பங்களா முற்றத்தில் பண்ணையார் பலகையில் உட்கார்ந்திருந்தார். அருவிக்குப் போகுமுன் ஓர் ஆள் அவர் முதுகில் எண்ணெய் வைத்து அறைந்துகொண்டிருந்தான். விழுந்த ஒவ்வொரு அறைக்கும் என் முதுகு நெளிந்தது. பக்கத்து முக்காலியில், பொடி டப்பிக்கு அடியில், என் காகிதம்.

“வாரும்வே. இது ஒம்ம எழுத்துதான?”

“ஆமாய்யா.”

“மேற்க வாரம் கூடுதலோ? செங்கோட்டையில எவன்வே கூட்டிக் குடுக்கான்? பேரைச் சொல்லும்.”

“செங்கோட்டை இல்லய்யா. இன்னும் கொஞ்சம் மேற்க.”

“புனலூரா?”

“லண்டன்.”

எண்ணெய் தேய்த்த கை நின்றது. பத்திரிகை, கூலிக்காரன், ஏழு நாள் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. ஒரு கண்டம் தாண்டிவிட்டேன் என்று நினைப்பதற்குள், “அப்பம் ஒமக்குச் சம்பளம் பத்தல, அதான?” என்றார்.

“ஐயோ, இல்லய்யா! பதினெட்டு ரூவா ரொம்ப ஜாஸ்தி!”

என் வாயிலிருந்து வந்ததை என் காதால் கேட்டேன். அவரும் கேட்டார்.

“வெள்ளக்காரன் வாராவாரம் வாங்குதான், அதான் அவனுக்குக் கட்டுது. நீரும் அப்படியே வாங்கும்வே. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, வாரத்துக்கு நாலு ரூவா. சந்தோசந்தான?”

“ரொம்ப சந்தோசம்யா.”

வேலை நிலைத்த குஷியில் அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு, ஈரத் தலையோடு வீடு வந்து, “இனி நமக்கு லண்டன் மாதிரி வாரச் சம்பளம்” என்றேன்.

அவள் விரலை மடக்கினாள். “நாலு வாரத்துக்குப் பதினாறு.”

“அஞ்சு சனிக்கிழமை வாற மாசமும் இருக்குல்லா?”

“வருசத்துக்கு அம்பத்திரெண்டு வாரம். இருநூத்தி எட்டு ஆச்சு. முன்ன இருநூத்திப் பதினாறு. எட்டு ரூவாயத் தொலைச்சிட்டு வந்திருக்கிய. இதுல நீங்கதான் கணக்கப்பிள்ள!” அவள் சிரிக்கவில்லை. “போய்க் கேளுங்க.”

கேட்கலாம்தான். பலகையும் எண்ணெயும் அந்த முக்காலியும் கண்முன் வந்தன. சனிக்கிழமை போய் நாலு ரூபாயை வாங்கிக்கொண்டு, பேரேட்டில் கையெழுத்தாக என் பெயரை மட்டும் எழுதினேன். அதற்குமேல் ஓர் எழுத்து எழுதவில்லை.