பழைய பாடத்திட்டத்தின் கடைசி மாணவர்

“வேலை கிடைக்கிற படிப்பெல்லாம் கிழக்குக் கட்டடம். படிப்பு கிடைக்கிற படிப்பெல்லாம் மேற்குக் கட்டடம். நடுவுல கேன்டீன். நீங்க எந்தப் பக்கம் போறீங்க?” என்று கேட்டபடியே, மகளைச் சேர்க்க வந்திருந்த ஒருவரின் சான்றிதழ்களை நகல் இயந்திரத்தின் கண்ணாடிமேல் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார் அவர். வந்தவருக்குச் சிரிப்பதா, கோபிப்பதா என்று விளங்கவில்லை. மகள் சிரித்துவிட்டாள். “சிரிச்சிட்டல்ல, உனக்கு மேற்குதாம்மா சரிப்படும்,” என்று அவளிடம் சொல்லிவிட்டு, தந்தையின் பக்கம் திரும்பாமலே சில்லறையை நீட்டினார்.

பல்கலைக்கழக வாயிலுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் அவருக்கு வேலை. சேர்க்கைக் காலத்தில் அந்தக் கடைமுன் கூடுபவர்களுள் பாதிப்பேர் நகலெடுக்க வந்தவர்கள் அல்லர்; விசாரிக்க வந்தவர்கள். பல்கலைக்கழகம் அச்சிட்டு விற்கும் கையேட்டில் படிப்புகளின் பெயர்கள் இருக்கும். எந்தப் படிப்புக்கு ஆசிரியர் இருக்கிறார், எந்த ஆய்வகத்தின் குழாயில் தண்ணீர் வரும், எந்த மாலைநேரப் பட்டயப் படிப்பு மெய்யாகவே மாலையில் நடக்கிறது என்பதெல்லாம் இவரிடம்தான் கிடைக்கும். “சுற்றுச்சூழலா? நல்ல படிப்பு. வாத்தியார் ஒருத்தர்தான். அவருக்கும் பாதி நாள் உடம்பு சரியில்ல. மீதி பாதி நாள் பிரமாதமா நடத்துவாரு.” இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கேலி இராது. விடுதி அறையில் மழை ஒழுகும் மூலையைக்கூட, அங்கே கட்டிலைப் போட்டுவிடக் கூடாதே என்னும் அக்கறையோடுதான் சொல்வார்.

மாணவர்கள் அவரைப் ‘பழசு’ என்பார்கள், நேரில் ‘பழசண்ணே’. அந்தப் பெயரில் ஏளனத்தைவிட விவரமே மிகுதி. புள்ளியியல் இளநிலைப் பட்டத்துக்கு அவர் சேர்ந்தபோது இருந்த பாடத்திட்டம் அதன்பின் இருமுறை மாறிவிட்டது. அவரோடு படித்தவர்கள் தேறிப் போனார்கள். தேறாதவர்கள் விட்டுவிட்டுப் போனார்கள். கூறெடுப்பு முறைகள் என்னும் ஒரே தாளை நிலுவையில் வைத்துக்கொண்டு இவர் மட்டும் நின்றுவிட்டார். கூறெடுப்பு என்பது வேறொன்றுமில்லை; ஒரு பிடி தானியத்தைப் பார்த்து மூட்டையை மதிப்பிடும் கணக்கு. பழைய பாடத்திட்டத்தில் எஞ்சியிருக்கும் ஒரே தேர்வர் என்பதால், ஒவ்வொரு பருவத்திலும் அவர் ஒருவருக்காகவே பல்கலைக்கழகம் ஒரு வினாத்தாளைத் தயாரிக்கிறது. “உனக்கு ஒருத்தனுக்குக் கேள்வி அடிக்க ஒரு மெஷின், கட்டுக்கு சீல் வைக்க ஒரு ஆளு, பிரிக்க ஒரு ஆளு. மந்திரிக்குக்கூட இவ்வளவு மரியாதை கெடையாதுப்பா,” என்பார் தேர்வுப் பிரிவு எழுத்தர்.

ஆள் மெலிவு. முன்தலையில் வழுக்கை ஏறிவிட்டது. விரல் நுனிகளில் நகல் இயந்திரத்தின் கரித்தூள் ரேகை ரேகையாகப் படிந்திருக்கும். சட்டையின் கழுத்துப் பொத்தானையும் விடாமல் போட்டுக்கொள்வார். எதையும் எடுத்துச் செல்ல வேண்டிய தேவை இல்லாதபோதும் தோளில் மாணவர்களுடைய பை ஒன்று தொங்கும். உள்ளே போகும்போது தம்முடைய பழைய அடையாள அட்டையை எடுத்துக் காட்டுவார். காட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை. அதில் சுருள்முடியும் அரும்பு மீசையுமாக ஒரு பையன் இருக்கிறான். “இது யாரு, உன் தம்பியா?” என்று காவலர் கேட்பார். “ஆமாண்ணே, நல்லாப் படிப்பான்,” என்று இவர் சொல்வார். இருவரும் சிரிக்க மாட்டார்கள். வேடிக்கை தேய்ந்து வழக்கமாகிவிட்டது.

கண்ணில் பட்ட பிழையைக் கடந்து போக அவரால் இயலாது. இதை ஒரு குணம் என்பதா, நோய் என்பதா என்று அந்தக் கடைக்கு அடிக்கடி போய்வரும் எனக்கு இன்னமும் தெரியவில்லை. ஒருநாள் மாலை, ஆய்வேட்டை அட்டைபோட்டுக் கட்டக் கொண்டுவந்த பெண் ஒருத்தி கடையில் நின்று கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள். இவர் பசைக் குச்சியை ஒரு கையில் பிடித்தபடி, மறுகையால் ஓர் அட்டவணையை விரல் வைத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நாளைக்கு சப்மிட் பண்ணணும். நீங்க ஒட்டுங்க, போதும்.”

“நூறு சதவீதம் வரணும்மா. நூத்திரண்டு வருது.”

“ரெண்டுதானேண்ணே! கைடே பாக்கல. நீங்க ஏன் பாக்கறீங்க?”

“கைடு பாக்கலன்னா ரெண்டு போயிடுமா?”

கடைக்காரர் உள்ளிருந்து குரல் கொடுத்தார்: “யப்பா, நீ என் கடைக்கு ஆளா, யுனிவர்சிட்டிக்கு ஆளா? ஒட்டிக் குடுத்து அனுப்பு!” அவர் ஒட்டிக் கொடுத்தார். அவள் போனபிறகும் நெடுநேரம் வாயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு எங்கேயிருந்து வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பார்.

தேர்வு நெருங்கினால் மேற்குக் கட்டடத்தின் படிக்கட்டில் அவரைச் சுற்றி ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். புதிய பாடத்திட்டத்துப் பிள்ளைகள். கடையில் வீணான தாள்களின் பின்புறத்தில் எழுதிக் காட்டிச் சொல்லிக்கொடுப்பார். “தெரிஞ்சத எழுது. தெரியாதத அழகா எழுது. வெள்ளப் பேப்பர மட்டும் விட்டுட்டு வராத,” என்பது அவர் தரும் அறிவுரை. அவரிடம் கேட்டவர்கள் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். ஒரு மாணவி கேட்டேவிட்டாள்: “இவ்வளவு நல்லாச் சொல்றீங்க. அப்புறம் நீங்க ஏண்ணே...” முடிக்காமல் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. “எனக்கு ஹால்ல ஒரு வியாதிம்மா. எழுதினதத் திரும்பப் படிச்சிடுவேன். படிச்சா அடிக்கத் தோணும். அடிச்சா திரும்ப எழுதணும். மணி அடிச்சிடும்.” கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரித்தார்.

அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்ட ஒருவர் இன்று அதே துறையில் விரிவுரையாளர். வாயிலில் காரின் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியை இறக்குவார். “என்னண்ணே, இன்னும் முடியலையா?” “முடிஞ்சிடும் சார்,” என்பார் இவர். அவன் இவன் என்று பேசிய வாய், அந்தச் ‘சார்’ என்னும் சொல்லை எப்போது பழகிக்கொண்டது என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

உறவென்று அவருக்கு ஓர் அக்காள். தாய் இறந்தபின் இவரை வளர்த்தவர் அவரே. மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை. சுடுநீரிலும் காரத்திலும் வெந்து, உள்ளங்கைகள் எப்போதும் சிவந்திருக்கும். விடுப்புக் கிடைக்கும் ஞாயிறுகளில் வருவார். கடையின் ஓரத்தில் நின்றபடி தம்பி சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுப் போவார். அக்காளின் கணவர் பேருந்து ஓட்டுநர், வாய்த்துடுக்கு உள்ளவர். “உன் தம்பி எங்க யுனிவர்சிட்டியப் படிக்கிறான்? யுனிவர்சிட்டிதான் அவனப் படிச்சிட்டிருக்கு!” என்று அவர் சொன்னதை, அக்காளே ஒருமுறை என்னிடம் சொல்லிவிட்டு, தாம் சிரித்ததற்காக வெட்கப்பட்டார்.

இந்த ஆண்டு ஓர் அறிவிப்பு வந்தது. பழைய பாடத்திட்டத்துக்கு இதுவே இறுதி வாய்ப்பு. இம்முறை தேறாவிட்டால் முன்பு தேறிய தாள்களும் செல்லா. அதே வாரத்தில் தனிப்பயிற்சிக் கல்லூரி ஒன்றின் உரிமையாளர் கடைக்கு வந்தார். இவர் படிக்கட்டில் பாடம் நடத்துவதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். “பட்டத்தக் கொண்டாங்க தம்பி. அடுத்த பேட்ச்சுல இருந்து வகுப்பு உங்களுக்கு. பட்டம் இல்லாம போர்டுல பேரு போட முடியாது, பாருங்க,” என்று சொல்லிப் போனார். மறுநாள் இவர் ஒரு புதுச் சட்டை எடுத்திருந்தார். அதை அணியவில்லை, உறை பிரிக்காமல் இயந்திரத்தின் மேல்தட்டில் வைத்திருந்தார்.

தேர்வுக் காலத்தில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்களையும் கண்காணிப்புக்கு அழைப்பதுண்டு. அப்படிப் போன எனக்கு அவருடைய அறை விழுந்தது. நூறுபேர் அமரக்கூடிய கூடம். ஒரே ஒரு மேசையில் மட்டும் பதிவெண் ஒட்டியிருந்தது. சன்னலோரத்து மேசை. சன்னலுக்கு வெளியே முற்றம். முற்றத்தின் எதிர்ப்பக்கத்தில் ஒரு படிக்கட்டு. அங்கே அவருடைய அக்காள் நின்றிருந்தார். விடுப்பு எடுத்து வந்திருந்தார். கையில் துணிப்பை. உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை.

கட்டைப் பிரித்து வினாத்தாளை நீட்டினேன். வாங்கியவர் முதல் பக்கத்தைப் படித்தார், மறுபடியும் படித்தார். பிறகு விரலை வைத்துக் கூட்டத் தொடங்கினார்.

“சார்,” என்றார். “மொத கேள்வி தப்பு சார்.”

கட்டாய வினா அது. ஓர் ஊரின் குடும்பங்களை வகைப்படுத்திய அட்டவணை. கட்டங்களைக் கூட்டினால் ஒரு தொகை வருகிறது, அடியில் மொத்தம் என்று அச்சானது வேறு தொகை. நூறுபேர் எழுதும் தேர்வாயின், பத்து நிமிடத்துக்குள் துறையிலிருந்து யாராவது ஓடி வந்து திருத்திச் சொல்லியிருப்பார்கள். தலைமைக் கண்காணிப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒரே ஒரு ஆளுக்காக யாரை சார் நான் எழுப்பறது? கேள்வியப் போட்டவரு எந்த ஊர்ல இருக்காரோ. நம்பரப் போட்டு ரெண்டு வரி எழுதச் சொல்லுங்க. ரிப்போர்ட் அனுப்பிடறேன். தப்பான கேள்வின்னா முழு மார்க் போட்டாகணும். அது ரூல்.”

திரும்பி வந்து அதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவருக்கு இந்த விதி தெரியாததன்று. படிக்கட்டுப் பிள்ளைகளிடம், “தப்பான கேள்வி வந்தா அதிர்ஷ்டம்டா, கும்பிட்டுட்டு அடுத்ததுக்குப் போ,” என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

“சரிங்க சார்,” என்றார் பணிவாக. “இத மட்டும் முடிச்சிடறேன்.”

முதல் கட்டம் அச்சுப்பிழையாக இருந்தால் விடை என்ன என்று எழுதினார். இரண்டாவது பிழையாக இருந்தால் என்ன என்று எழுதினார். பிழை மொத்தத்திலேயே இருந்தால் என்னவாகும் என்று எழுதினார். எழுதியதைப் படித்தார், அடித்தார், அடுத்த பக்கத்தில் மேலும் தெளிவாக எழுதினார். முத்துப்போன்ற எழுத்து. கோடு போட்ட அட்டவணைகள். பாதி நேரம் போயிற்று என்று அறிவித்தேன். தலையசைத்தார். “அடுத்த வினாவுக்குப் போகலாமே,” என்றேன். கண்காணிப்பாளன் சொல்லக் கூடாத சொல்தான். “போயிடறேன் சார். ஒரே ஒரு கட்டம் பாக்கி.” அவர் நெற்றியில் வியர்வை இல்லை, முகத்தில் பதற்றமும் இல்லை. இத்தனை ஆண்டுகளில் அவரை அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததில்லை. இரண்டாம் வினாவை அவர் தொட்டபோது, கூடத்துச் சுவரிலிருந்த வெயில் தரைக்கு இறங்கிவிட்டிருந்தது.

எதிர்ப் படிக்கட்டில் அக்காள் நின்றபடியே இருந்தார். அவ்வளவு தொலைவிலிருந்து தாளோ எழுத்தோ தெரியாது. சன்னல் வழியே தம்பியின் தோளும் வலக்கையும் தெரியும். கை ஓடும்போது பார்ப்பார். கை நின்றால் பையை மறுகைக்கு மாற்றிக்கொள்வார்.

இறுதி மணிக்குச் சற்றுமுன் எச்சரிக்கை மணி அடித்தது. அவர் இரண்டாம் வினாவின் நடுவில் இருந்தார். பேனாவை நிறுத்தினார். வினாத்தாளைத் திருப்பி, இன்னும் எத்தனை வினாக்கள் என்று ஒருமுறை பார்த்தார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தார்.

எழுதாத பக்கங்களைத் தேர்வர் தாமே கோடிட்டு அடித்துத் தர வேண்டும் என்பது விதி. அவர் அளவுகோலை எடுத்தார். விடைப்புத்தகத்தின் வெற்றுப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, மூலைக்கு மூலை அளவுகோலை வைத்து, கோடு பிசகாமல் அடிக்கத் தொடங்கினார். ஒரு பக்கம், திருப்பினார், இன்னொரு பக்கம். கை சீராக, நிற்காமல், விரைவாக ஓடியது.

சன்னல் வழியே நான் வெளியே பார்த்தேன். அக்காள் தம்பியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அது இவ்வளவு வேகமாக ஓடிக் கண்டதில்லை. அது பக்கத்துக்குப் பக்கம் திருப்பிப்போவதைக் கண்டார். முகம் மலர்ந்தது. முதன்முறையாகப் படியில் உட்கார்ந்தார். பையிலிருந்து சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தம்பிக்கென்று கொண்டுவந்த கரண்டியைச் சேலைத் தலைப்பால் அழுத்தி அழுத்தித் துடைக்கலானார்.