தராசுக்காரர் மொய்துவும் ஒச்சப்பனின் கிடாரும்

சயரோக ஆஸ்பத்திரியில் ஐந்தாவது மாதம் ஒருநாள் மொய்து பக்கத்துக் கட்டில்காரரிடம், "இன்னிக்கு பள்ளியில பாங்கு சொல்லலையா?" என்று கேட்டார். அந்த மனிதர் வாயை அசைத்துப் பதில் சொன்னார். சத்தம் வரவில்லை. மொய்து மறுபடி கேட்டார். அவர் மறுபடியும் வாயை அசைத்தார். அன்று சாயங்காலம் டாக்டர் வந்து மொய்துவின் காதருகே கைதட்டிப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் ஏதோ எழுதிக் கொடுத்தார். மலையாளத்தில் எழுதியிருந்தது. மொய்து பாலக்காட்டில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். மலையாளம் நன்றாகப் பேசுவார், ஆனால் எழுத்து தெரியாது. தாளை மடித்து வைத்துக்கொண்டார்.

மட்டாஞ்சேரிக்குத் திரும்பிய பிறகு அரிசிக்கடையில் எழுத்து வேலை பார்த்த செல்லப்பாதான் அதைத் தமிழில் எழுதிக் காட்டினார். நெஞ்சைக் காப்பாற்றிய ஊசிமருந்துக்குச் சிலருடைய காதை எடுத்துவிடும் குணம் உண்டு, போன காது திரும்ப வராது என்று அதில் இருந்தது. அது ஐம்பத்திரண்டாம் வருஷம். மொய்துவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது.

வீடு பூட்டியிருந்தது. நோய் என்று தெரிந்ததுமே மாமனார் கபீர் ராவுத்தர் வந்து மகள் ஜுமைலாவையும் ஐந்து வயதுப் பேத்தி மெஹருன்னிசாவையும் பாலக்காட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். குணமாகட்டும், அனுப்புகிறேன் என்றுதான் சொன்னார். குணமான பிறகு மொய்து இரண்டு தடவை போனார். கூடத்தில் உட்கார வைத்துச் சோறு போட்டார்கள். எல்லாரும் பேசினார்கள், அவர் எல்லாருடைய வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவை அவர் போகவில்லை. தலாக் என்று யாரும் கேட்கவுமில்லை, கொடுக்கவுமில்லை.

தொழில் மட்டும் கைவிட்டுப் போகவில்லை. மொய்து தராசு பழுது பார்ப்பவர். மிளகு, சுக்கு, ஏலம் நிறுக்கும் பாண்டிகசாலைக் கிடங்குகளின் தராசெல்லாம் அவரிடம்தான் வரும். தராசுக் கோலின் நடுவில் ஒரு எஃகு விளிம்பு இருக்கும், கோல் முழுவதும் அதன்மேல்தான் ஆடும். அந்த விளிம்பு மழுங்கினாலோ, அது உட்காரும் பள்ளம் இறுகினாலோ முள் பொய் சொல்லும். ஊசிபோன்ற சிறிய அரங்களை வைத்து மொய்து அதைச் சரிசெய்வார். அதற்குக் கண்ணும் விரலும் போதும்.

பேச்சைக் குறைத்துக்கொண்டார். தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஒருமுறை சாயாக் கடையில் சாயா கேட்டபோது கடையே திரும்பிப் பார்த்தது. அதிலிருந்து விரலைக் காட்டித்தான் கேட்பார். முன்பெல்லாம் வியாழக்கிழமை சாயங்காலங்களில் ஒரு பாண்டிகசாலை மாடியில் நண்பர்கள் ஆர்மோனியம் வைத்துப் பாடுவார்கள். மொய்து தொடையில் தாளம் போட்டபடி முன்வரிசையில் இருப்பார். காது போன பிறகு ஒரே ஒரு வியாழக்கிழமை போனார். தான் போட்ட தாளம் பாட்டோடு சேரவில்லை என்று எதிரே இருந்தவர்களின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. பழகிய முகமென்றால் உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொண்டார். அப்படியே ஒன்பது வருஷம் போயிற்று.

அறுபத்தொன்றில், கிலோ எடை வந்து தராசு வேலை மூச்சுவிட நேரமில்லாமல் நடந்துகொண்டிருந்த சமயம், ஒச்சப்பன் கடைக்கு வந்தான். சுள்ளிக்கல்காரன். துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலை. பஜாரில் தமிழ் வியாபாரிகளோடு பழகிப் பழகிப் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவான். கையில் ஒரு கிடார் இருந்தது. கப்பலில் சமையல் வேலை பார்த்த ஒருவன் கொடுத்துவிட்டுப் போனது.

"ஒரு சின்ன அரம் தருமோ, மொய்துக்கா? நாளைக்குக் கொண்டுவந்து தரும்" என்றான், வாயைப் பெரிதாகத் திறந்து.

"அரம் கைமாறாது. எதை ராவணும், காட்டு."

கிடாரின் கழுத்து தலையோடு சேரும் இடத்தில் குறுக்காக ஒரு சிறிய வெள்ளைக் கட்டை இருந்தது. ஆறு கம்பிகளும் அதில் வெட்டிய ஆறு காடிகளில் படுத்து, அதைத் தாண்டி முறுக்காணிகளுக்குப் போயின. ஒச்சப்பன் அதைத் தொட்டு, "நட்" என்றான். மொய்துவுக்கு உதட்டசைவு புரிந்தது. ஆனால் நட் என்றால் போல்ட்டில் முறுக்குவதாயிற்றே என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். ஒச்சப்பன் சிரித்துவிட்டு, மொய்துவின் விரலைப் பிடித்துக் கம்பியின்மேல் வைத்தான்.

கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோக மெட்டுகளில் முதலாவதில் அழுத்தியபோது கம்பி விரலை அறுத்தது. அதையே ஐந்தாம் மெட்டில் அழுத்தினால் சுலபமாக இறங்கியது. பிறகு ஒச்சப்பன் முறுக்காணியைத் திருகினான். மொய்துவின் விரலுக்கடியில் கம்பி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினான். சட்டென்று குதித்தது.

மொய்துவுக்கு அந்த நோய் தெரியும். தராசின் எஃகு விளிம்பு இறுகிய பள்ளத்தில் மாட்டிக்கொண்டால் முள் இப்படித்தான் நின்று நின்று குதிக்கும்.

"வெறும் கம்பியை மீட்டினா நல்லா இருக்கு. இந்தக் கட்டைக்குப் பக்கத்துல பிடிச்சா ஸ்வரம் ஏறிப்போகுது. அப்படித்தானே?" என்று கேட்டார்.

ஒச்சப்பன் அவரையே பார்த்தான். "நிங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கட்டை உயரம். அழுத்துறப்போ கம்பியை நீ கீழ வரைக்கும் இழுக்குற. இழுத்தா ஏறாம என்ன செய்யும்? காடியும் இறுக்கம். வச்சுட்டுப் போ."

மூன்று மத்தியானங்கள் அந்த வேலை நடந்தது. ஒவ்வொரு கம்பியாகத் தளர்த்தி, காடியில் அரத்தை இரண்டே இழுப்பு இழுத்து, மறுபடி கம்பியை ஏற்றி, மூன்றாம் மெட்டில் அழுத்திப் பார்த்தார். அப்போது முதல் மெட்டுக்கும் கம்பிக்கும் இடையே சிகரெட் பெட்டியின் மெல்லிய தாள் நுழைந்து வரவேண்டும், அவ்வளவு இடைவெளி போதும் என்று அவரே முடிவு செய்துகொண்டார். காடியின் அடியை முறுக்காணிப் பக்கமாகச் சற்றே சாய்த்து ராவினார். கம்பி முன்விளிம்பில் மட்டும் உட்கார வேண்டும் என்பது தராசு கற்றுக்கொடுத்தது. கடைசியில் பென்சில் கரியைப் பொடித்துக் காடிகளில் தடவினார்.

மூன்றாம் நாள் ஒச்சப்பன் வந்து சுருதி கூட்டியபோதுதான் அது நடந்தது. மொய்து கிடாரின் உடம்பு அதிர்கிறதா என்று பார்க்கக் குனிந்து, அதன் விளிம்பில் தாடையை வைத்தார். ஒச்சப்பன் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் இரண்டை ஒரே ஸ்வரத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தான். தாடையில் ஒரு துடிப்பு வேகமாக அடித்தது. அவன் திருகத் திருக அது மெதுவாகியது. பிறகு இன்னும் மெதுவாகி, நின்று, ஒரே சீரான அதிர்வாகப் பரவியது.

"சேர்ந்துடுச்சு" என்றார் மொய்து.

ஒச்சப்பன் கையை எடுத்தான். உண்மையில் அப்போதுதான் சேர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒச்சப்பன் சர்ச்சிலிருந்து நேரே கடைக்கு வரத் தொடங்கினான். அவன் வாசிப்பான், மொய்து தாடையைக் கிடாரின் பெட்டிமேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பார். அது பாட்டல்ல என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் தாளம் தெரிந்தது, அவர் விரல் தானாகப் பலகையில் தட்டியது. தப்பாகப் போனால் ஒச்சப்பன் மணிக்கட்டைத் தொட்டுத் திருத்துவான். கல்யாண வீடுகளில் கிடார் நன்றாகப் பேசுகிறது என்று சொன்னான். கேட்டுக்கொண்டு மொய்து வாரம் முழுவதும் அதையே நினைத்திருப்பார்.

அடுத்த வருஷம் மழை தொடங்கிய சமயத்தில் புதுக் கம்பி மாற்றக் கிடார் வந்தது. பழைய கம்பிகளைக் கழற்றிய மொய்து, மூன்றாவது காடிக்குள் ஏதோ மின்னுவதைப் பார்த்தார். ஊசியால் எடுத்தார். சிகரெட் பெட்டியின் ஈயத்தாள், நான்காக மடித்தது.

காடி ஆழமாகிப் போயிருந்தால்தான் அங்கே தாள் வைக்க வேண்டியிருக்கும். ஆழமானால் கம்பி முதல் மெட்டில் உரசி இரையும்.

"எப்ப வச்ச?"

ஒச்சப்பன் அந்தத் தாளைப் பார்த்தான். பிறகு, "முதல் வாரமே" என்றான்.

"இரையுதுன்னு ஏன் சொல்லலை?"

"நிங்களுக்குக் கேக்காதல்லோ. பின்னே எதுக்கு விஷமிப்பிக்கணும், மனசு நோகுமேன்னு…"

மொய்து கிடாரை அவன் மடியில் வைத்தார். "என் வேலை தப்புன்னா சொல்லணும். காது கேக்காதவன்கிட்ட எதையும் சொல்லிக்கலாம்னு நினைச்சியா? போ" என்றார். குரல் எவ்வளவு உயர்ந்ததோ தெரியாது, எதிர்க்கடையில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் ஊசியை நிறுத்திப் பார்த்தார்கள். ஒச்சப்பன் மழையில் இறங்கிப் போனான். இரண்டு ஞாயிறு கழித்து வந்து நின்றான். மொய்து தலையை நிமிர்த்தவில்லை. பிறகு அவன் வரவில்லை.

கோபம் ஒச்சப்பன்மேல் மட்டுமல்ல. நன்றாக இருக்கிறது என்று அவன் சொன்ன ஒவ்வொரு ஞாயிற்றையும் மொய்து திரும்ப எடுத்துப் பார்த்தார். எது உண்மை, எது இரக்கம் என்று பிரிக்க முடியவில்லை. செல்லப்பா, சாயாக் கடைக்காரர், தராசு வாங்கிப் போகிற கணக்கப்பிள்ளைகள், எல்லாருடைய சிரிப்பையும் அவர் சந்தேகப்பட்டார். அந்த மழைக்காலம் முழுக்க வேலையைத் தவிர யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் கை சும்மா இருக்கவில்லை. ஒரு பலகையில் கம்பியைக் கட்டி, பித்தளைத் துண்டுகளை மெட்டாகப் பதித்தார். ஊசி அரத்தின் நுனியைப் பித்தளையில் வைத்து, வாலைப் பல்லால் கடித்துக்கொண்டு கம்பியை மீட்டினார். கம்பி சுத்தமாக ஆடினால் பல்லில் ஒன்றுமில்லை. உரசினால் மண்ணை மென்றதுபோல் நறநறத்தது. கேட்காத இரைச்சலைப் பிடிக்க அவருக்கு வழி கிடைத்துவிட்டது. கசாப்புக்கடையிலிருந்து மாட்டுக் கால் எலும்பு வாங்கி, வேகவைத்து, வெயிலில் காயவைத்து, ஒச்சப்பனின் கிடாருக்கு அளவாக ஒரு புதுக் கட்டை அறுத்து உப்புத்தாளில் தேய்த்தார். அதைக் காகிதத்தில் சுற்றி மேசை இழுப்பறையில் போட்டார். சுள்ளிக்கல் அரைமணி நேர நடை. இரண்டு வருஷத்துக்கும் மேல் அவர் போகவில்லை.

அறுபத்துநான்கு மார்கழியில் ஒரு கார்டு வந்தது. பாலக்காட்டு முத்திரை. உருண்டை உருண்டையான மலையாள எழுத்து. அடியில் இருந்த பெயரைக்கூட அவரால் படிக்க முடியவில்லை. செல்லப்பா அப்போது மதுரைப் பக்கம் போய்விட்டிருந்தார். யாரிடம் கொடுத்தாலும் படித்துவிடுவார்கள். ஆனால் படித்ததை அப்படியே சொல்வார்களா, பூசி மெழுகிச் சொல்வார்களா? கார்டை இரண்டு நாள் வைத்திருந்தார். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, காகிதத்தில் சுற்றிய கட்டையையும் எடுத்துக்கொண்டு சுள்ளிக்கல்லுக்கு நடந்தார்.

ஒச்சப்பன் வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தான். அவனுக்கு இதற்குள் கல்யாணமாகியிருந்தது. மொய்து கார்டை நீட்டி, "உள்ளபடி சொல்லு" என்றார்.

அவன் ஒருமுறை மனசுக்குள் படித்தான். பிறகு வெளிச்சம் முகத்தில் விழுகிறபடி திரும்பி உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். "அத்தாவுக்கு மெஹருன்னிசா எழுதுறது. எனக்கு நிக்காஹ் நிச்சயம் பண்ணியிருக்கு. தகப்பன் உயிரோட இருக்கும்போது அவரே கைபிடிச்சுக் கொடுக்கணும்னு பள்ளிவாசல் கத்தீப் சொன்னார். அதுக்காக அத்தா வரணும்."

"அதுக்காகத்தான் வரணும்னா எழுதியிருக்கு?"

ஒச்சப்பன் அந்த வரியை மறுபடி படித்தான். "அதே, அப்படித்தான்" என்றான்.

மொய்து தலையசைத்தார். அவன் மெழுகவில்லை. கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "எழுத்து எப்படி?" என்று கேட்டார்.

"நல்ல எழுத்து. ஒரு தப்பு இல்லை."

பிறகு காகிதச் சுருளைப் பிரித்தார். சாயங்காலம்வரை இருவரும் வாசலில் உட்கார்ந்து பழைய கட்டையைத் தட்டி எடுத்து, புதியதை வைத்து, காடி வெட்டினார்கள். மொய்து அரத்தைப் பல்லில் கடித்தபடி ஒவ்வொரு கம்பியையும் பார்த்தார். ஒச்சப்பன் வாசித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"ரெண்டாவது கம்பி இன்னும் கொஞ்சம் உயரம், மொய்துக்கா. பிடிச்சா ஸ்வரம் கேறுது."

மொய்துவுக்கு அந்த வார்த்தை இனித்தது. இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தார்.

பாலக்காட்டில் நிக்காஹ் அன்று கத்தீபின் தாடியும் மீசையும் உதட்டை முழுக்க மறைத்திருந்தன. மொய்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, மனப்பாடம் செய்து வந்த வாசகத்தைத் தோள் தட்டப்பட்டதும் சொன்னார். மாமனார் லேசாகத் துணுக்குற்றதிலிருந்து, சத்தம் அதிகமாகிவிட்டது என்று தெரிந்தது. பிறகு மகளை ஐந்து நிமிஷம் பார்த்தார். ஐந்து வயதில் விட்ட முகத்தில் ஜுமைலாவின் கண்கள் இருந்தன. அவள் வேகமாகப் பேசினாள். அந்த உதடுகள் அவருக்குப் பழக்கமில்லை, ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. "தமிழ்ல எழுதிக் காட்டும்மா" என்றார். அவள் தெரியாது என்று தலையாட்டினாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மீதி நேரம் சும்மா நின்றாள். ஜுமைலா கதவுக்குப் பின்னால் இருந்தாள், வெளியே வரவில்லை. அன்று மத்தியானமே மொய்து ரயிலேறினார்.

அதற்கடுத்த வருஷம் ஒச்சப்பனுக்கு ஏலூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு அங்கே போனான். மொய்து ஒருமுறை சொல்லாமல் கிளம்பிப் போனார். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் நிறையப் பேசினாள், சர்ச் திருவிழாவைச் சொல்லும் பெருநாள் என்ற ஒரு சொல்தான் புரிந்தது. படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார். அடுத்த ஞாயிறு ஒச்சப்பன் கடைக்கு வந்து கோபித்துக்கொண்டான்.

"ஒரு கார்டு இட்டிருக்கலாமே?"

"யாரு எழுதுறது?" என்றார் மொய்து. இருவரும் சிரித்தார்கள்.

பிறகு ஒச்சப்பன் மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் வந்தான். அவன் கிடாரோடு வேறு சிலரின் கிடாரும் மாண்டலினும் சேர்ந்து வரும். மொய்து அவற்றின் கட்டைகளைச் சரிசெய்து வைத்திருப்பார். மகளும் எப்போதாவது எழுதினாள். மாதத்தின் நடுவில் கார்டு வந்தால், அவர் அதை வேறு யாரிடமும் காட்டமாட்டார். தராசுக் கல்லொன்றின் கீழே வைத்துவிட்டு, அடுத்த மாத முதல் ஞாயிறு வரும்வரை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.