ஆர்டிஸ் வெட்டிய ஒயர்

விலாவில் முதல் உதை விழுந்தபோது ஆர்டிஸ் கையை வெளியே எடுக்கவில்லை. முழங்கை வரை ஹீட்டருக்குள் இருந்தது. ஒயரின் ஒரு முனையைத்தான் வெட்டியிருந்தாள். இரண்டாவது உதை விழுவதற்குள் மறுமுனையையும் வெட்டினாள். விரல் நீளச் சிவப்பு ஒயர். அதை வாயில் கவ்விக்கொண்டு புரண்டு எழுந்தாள்.

“எரிஞ்சிட்டிருந்தத எதுக்குடி அணைச்சே? யாரு உன்ன உள்ள விட்டது?”

ராய்ஸ் உள்ளாடையோடு நின்றான். இரவு முழுவதும் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்துவிட்டுக் காலையில் வந்து படுத்தவன். இப்போது மணி பதினொன்று. குளிர் அவனை எழுப்பிவிட்டிருந்தது.

“நான்தான் கூப்பிட்டேன்” என்றாள் அவன் மனைவி ஷானா. ஏழு மாதக் குழந்தையைக் கம்பளியோடு சேர்த்து அணைத்திருந்தாள். “பத்துறப்பல்லாம் டமால்னு சத்தம் வருது. பயமா இருக்கு ராய்ஸ்.”

“சத்தம் வந்தா என்ன? சூடு வருதில்ல?”

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று. வடக்கு டகோட்டாவின் அந்த முகாமில் நூற்றுச்சொச்சம் டிரெய்லர் வீடுகள். கோடை விடுமுறைக்குக் காரில் இழுத்துப் போகச் செய்த பெட்டிகள் அவை. ஆட்கள் அவற்றைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்கிக்கொண்டு ஜனவரியைக் கடத்தினார்கள். ஆர்டிஸ் ஃபெட்டிக் எட்டுக் குளிர்காலங்களாக அங்கே ஹீட்டர் பழுதுபார்ப்பவள். அதற்கு முன் அப்பாவின் பண்ணையில் சோளம் உலர்த்தும் பர்னர்களோடு வளர்ந்தாள். வயது ஐம்பத்திரண்டு. அடிக்க வந்த கணவனின் தாடையை ஸ்பானரால் உடைத்து நாற்பது நாள் சிறையில் இருந்தவள். ‘ஆர்டிஸ் வந்தா ஹீட்டர் உருப்படும், ஆளு உருப்படியா இருப்பான்னு சொல்ல முடியாது’ என்பார்கள் முகாமில்.

வந்ததும் ஆர்டிஸ் வெளியே இருந்த கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு பேட்டரியைத்தான் பார்த்தாள். அது நன்றாக இருந்தது. பிறகு ஹீட்டர் காற்றை உள்ளிழுக்கும் கம்பி வலையைப் பார்த்தாள். அதன்மேல் ஈரமான வேலைச் சட்டை, இரண்டு ஜோடிக் கையுறை, காலுறைகள். எல்லா டிரெய்லரிலும் அங்கேதான் உலர்த்துவார்கள். வலை மூடிவிட்டால் காற்று ஓடாது. காற்று ஓடினால்தான் உள்ளே ஒரு சின்னத் தகடு அசையும். தகடு அசைந்தால்தான் தீ பற்றும். ராய்ஸ் சட்டையை எடுக்கவில்லை. தகடு அசையாவிட்டாலும் தீ பற்றும்படி அதைத் தாண்டி அந்தச் சிவப்பு ஒயரைப் போட்டுவிட்டான்.

“கிணத்துல எல்லாத்தையும் இப்பிடித்தான் ஓட்டுறோம்” என்றான். “மெஷின் நின்னா வேலை போயிடும். ஒயரப் போடு, ஓட்டு, அவ்வளவுதான்.”

“எத்தன நாளா ஓடுது?”

“மூணு வாரம். கேட்டு என்ன பண்ணப்போற?”

ஆர்டிஸ் சிறு கண்ணாடியை உள்ளே விட்டு டார்ச் அடித்தாள். தீ எரியும் இரும்புக் கூடு காற்றில்லாமல் வெந்து, அதில் கை நீளத்துக்கு விரிசல். ஓரமெல்லாம் கரி. வெளியே போகவேண்டிய விஷப் புகை வீட்டுக்குள் வந்துகொண்டிருந்திருக்கிறது.

“பாப்பா வாந்தி எடுக்குதா?” என்று ஷானாவைக் கேட்டாள்.

“ஒரு வாரமா. எனக்கும் தலைவலி. ஜுரம்னு நெனச்சோம்.”

“கடைக்குப் போனா விட்டுடுதா?”

“ஆமா” என்றாள் ஷானா. பிறகு கணவனைப் பார்த்தாள். “சுவத்துல இருந்த கேஸ் அலாரம் கத்துச்சே ராய்ஸ். நீ பேட்டரியக் கழட்டிட்டே.”

“தூங்க விட்டாத்தானே! அவ புது ஹீட்டர் ஒண்ண உன் தலையில கட்டப் பாக்குறாடி. பைத்தியம்.” ஆர்டிஸின் வாயிலிருந்த ஒயரைப் பிடுங்கினான். உதடு கிழிந்தது. ஹீட்டர் முன் மண்டியிட்டு முனைகளை முறுக்கிச் சேர்த்தான். “கேஸத் தொறந்துட்டு வர்றேன். அதுக்குள்ள நீ கெளம்பியிருக்கணும், கெழவி.”

பூட்ஸ் மாட்ட உட்கார்ந்தான். இனி என்ன சொன்னாலும் அவன் திறப்பான், சாயங்காலம் வேலைக்குப் போவான், இவர்கள் இரண்டு பேரும் இங்கே தூங்குவார்கள் என்று ஆர்டிஸுக்குத் தெரிந்தது. பையிலிருந்து சுத்தியலை எடுத்தாள். முதல் அடி கேஸ் வால்வில். இரண்டாவது சர்க்யூட் போர்டில். மூன்றாவது அடியில் இரும்புக் கூடு வாய் பிளந்தது.

ராய்ஸ் அவள் தலைமயிரைப் பிடித்துப் பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பில் முகத்தை மோதினான். பல் ஒன்று தரையில் உருண்டது. மறுபடி மோதினான். ஆர்டிஸ் கண் தெரியாமல் சுத்தியலை வீசினாள். அவன் முழங்கால் சில்லில் பட்டது. விழுந்தவன் அவளையும் இழுத்துத் தள்ளினான். அந்தக் குறுகலில் இருவரும் எழ முடியாமல் முழங்கையாலும் முட்டியாலும் அடித்துக்கொண்டார்கள். அவன் கை அவள் கழுத்துக்கு வந்தது. அழுத்தியது.

“உங்க வண்டி ஓடிட்டிருக்குதா அக்கா?” என்று ஷானா கேட்டாள்.

அந்தக் குளிரில் யாரும் எஞ்சினை அணைப்பதில்லை. ஆர்டிஸ் தலையை அசைத்தாள். அசைக்க முடிந்த அளவுக்கு.

ஷானா குழந்தையோடு இருவரையும் தாண்டிப் போனாள். கதவு திறந்தது, குளிர் வந்தது, கதவு மூடியது. ராய்ஸ் கையை எடுத்தான். “ஷானா!” என்றான். வெளியே ஆர்டிஸின் லாரிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மறுநாள் ஷானாவும் குழந்தையும் ஊர் மருத்துவமனையில் இருந்தார்கள். இருவருக்கும் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். குழந்தை காலையில் பால் குடித்தது. ஆர்டிஸுக்கு இரண்டு பல் போயிருந்தது, விலா எலும்பு ஒன்று உடைந்திருந்தது. போலீஸ்காரர் வந்து ஹீட்டரை உடைத்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றாள். எழுதிக்கொண்டார். அவள் முகத்தைப் பற்றிக் கேட்டார். அதையும் எழுதிக்கொண்டார். டிரெய்லரில் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்துவிட்டன. ராய்ஸ் முழங்காலில் கட்டோடு தன் லாரியில் தூங்கினான். பிற்பகலில் பனி விழுந்தது. முகாமின் கிழக்கு வரிசையிலிருந்து ஆர்டிஸுக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. முதல் வீட்டில் ஹீட்டர் பற்றவில்லை, இரண்டாவதில் பற்றும்போதெல்லாம் டமால் என்று சத்தம். இரண்டாவதற்குப் போனாள்.