நான் பார்க்காத பாம்பு

எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பாம்பு கடித்தால், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் அந்தப் பாம்பு வளர்ந்துவிடும். தோட்டத்தில் ஒரு முழம் இருந்தது உக்குவளைச் சந்தியைத் தாண்டும்போது ஆள் உயரத்துக்கு வந்திருக்கும். இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. சின்னப் பாம்பு என்று சொன்னால் வாங்குப் பலகையில் காக்க வைத்துவிடுவார்கள், பெரிய பாம்பின் பெயரைச் சொன்னால்தான் உடனே ஊசி போடுவார்கள் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. நானே பலருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பேச்சு எனக்குச் சும்மா வரும். "நீங்க வாயத் தொறந்தா பாம்பே எழும்பிப் போயிரும்" என்பாள் என் மனைவி.

இந்த வருஷம் மிளகு பறிக்கும்போது என் தங்கையின் கணவரைப் பாம்பு கடித்தது. என் தோட்டம், என் மிளகு. அவருக்கு அன்று லீவு. "வாங்க மச்சான், ஏணியப் புடிச்சாப் போதும்" என்று கூப்பிட்டவன் நான். கொடிக்கு அடியில் கிடந்த சருகைக் கூட்டி ஒதுக்காமல் விட்டவனும் நான். நான் ஏணியின் உச்சியில் நின்றேன். அவர் கீழே ரப்பர் செருப்போடு நின்றார். "ஆ" என்று ஒரு சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். சருகு அசைந்து அடங்கியது. நான் பார்த்தது அவ்வளவுதான்.

கணுக்கால் ஓரத்தில் இரண்டு பொட்டு இரத்தம். த்ரீவீலில் ஏற்றினோம். தங்கையும் ஓடி வந்து ஏறிக்கொண்டாள்.

"சின்னதுதான் மச்சான். மூக்க மேல தூக்கிக்கிட்டு இருந்திச்சு" என்றார் மச்சான்.

"நீங்க பேசாதீங்க. பேசினா விஷம் ஏறும்" என்று அவர் வாயை அடைத்தேன்.

த்ரீவீல்காரர் திரும்பிப் பார்த்து, "என்ன பாம்பு அண்ணே?" என்றார்.

"கண்ணாடி விரியன்" என்றேன். அந்தப் பெயர் என் வாய்க்கு எப்படி வந்ததோ தெரியாது. மாத்தளை டவுனுக்குள் நுழையும்போது அதன் நீளத்தைக் கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். எனக்கே அது கண்ணில் தெரிய ஆரம்பித்துவிட்டது, புள்ளிகளோடு.

டொக்டர் இளவயதுச் சிங்களப் பெண். நான் சிங்களத்தில் சொன்னேன். "நீங்களே பார்த்தீங்களா?" என்று அவரும் சிங்களத்தில் கேட்டார். "இந்த ரெண்டு கண்ணால" என்றேன். அவர் ஊசி எடுக்கவில்லை. மச்சானின் கையிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்து, ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, மேசையில் நிறுத்தினார். இருபது நிமிஷம் யாரும் தொடக்கூடாது, அசைக்கக்கூடாது என்றார்.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. வெளியே வந்து, அங்கே நின்றவர்களிடம், "மருந்தப் போடாம ரத்தத்த வச்சு வேடிக்க பாக்குறாங்க" என்றேன். எல்கடுவப் பக்கமிருந்து வந்திருந்த ஒரு அம்மா, "அவங்க வீட்டு ஆளா இருந்தா இப்பிடி வைப்பாங்களா" என்றார். நான்கு பேர் தலையாட்டினார்கள். உள்ளே மச்சான் படுத்திருக்க, வெளியே என் பேச்சுக்கு ஆள் சேர்ந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

நேரம் ஆனதும் டொக்டர் குழாயைச் சாய்த்தார். உறைந்திருக்க வேண்டிய இரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. தங்கை அழ ஆரம்பித்தாள். "நான் சொன்னேன்ல" என்றேன்.

டொக்டர் என்னை ஓரமாக அழைத்தார். இரத்தத்தை இப்படி உறையவிடாமல் செய்யும் பாம்பு இங்கே இரண்டு உண்டு என்றார். கண்ணாடி விரியன் என்றால் இங்கே இருக்கிற விஷமுறிவு மருந்து காப்பாற்றும். சிங்களத்தில் குணகட்டுவா என்கிற சின்னப் பாம்பு என்றால் இது கேட்காது. அதன் விஷத்துக்காகச் செய்த மருந்து இல்லை. அதோடு, இந்த மருந்தே சில பேருக்கு மூச்சை அடைத்துவிடும், பிரஷரை இறக்கிவிடும்.

"இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? கடிபட்ட நிறையப் பேரை, பிழைத்தவர்களையும் பிழைக்காதவர்களையும் சேர்த்து, ஆட்கள் கவனித்து எழுதி வைத்ததால் தெரியும். ஆனால் இவரைக் கடித்தது எது என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

பார்த்தேன் என்றால், வேண்டாத மருந்து அவர் உடம்பில் ஏறும். பார்க்கவில்லை என்றால், மருந்து நின்றுவிடும். அவருக்கு ஏதாவது ஆனால் நிறுத்தியவன் நான். தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பாக்கல டொக்டர். சருகு அசைஞ்சதத்தான் பாத்தேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். நேராக மச்சானிடம் போய், போனில் இருந்த பாம்புப் படங்களைப் பெயர் சொல்லாமல் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். கண்ணாடி விரியனைப் பார்த்து மச்சான் தலையை ஆட்டி மறுத்தார். குணகட்டுவா வந்ததும், "இதுதான், மூக்கப் பாருங்க" என்றார். வரிசையை மாற்றி மறுபடி காட்டினார் டொக்டர். விரல் அதே படத்தில்தான் நின்றது.

மருந்து ஏற்றவில்லை. கவனித்துக்கொண்டே இருப்போம், இரத்தத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்போம், விஷம் கிட்னியைத் தாக்கி மூத்திரம் குறைந்தால் கண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம் என்றார்கள்.

"போட இருந்த மருந்த நீங்கதானே அண்ணே நிப்பாட்டினீங்க" என்றாள் தங்கை.

"அது இந்தப் பாம்புக்குக் கேக்காதாம்மா."

"அப்ப எதுக்கு மொதல்ல வேற பாம்பச் சொன்னீங்க? அவரு த்ரீவீல்லயே சொன்னாரே. பேச விட்டீங்களா?"

மூத்திரப் போத்தலை நர்ஸ் மிஸ்ஸிடம் கொண்டுபோகும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். போகிற வழியில் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். நிறம் கறுத்த மாதிரி இருக்கும். கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் சரியாக இருக்கிற மாதிரி இருக்கும். என் கண்ணை நானே நம்ப முடியவில்லை.

மறுநாள் டொக்டர் குழாயைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். இரத்தம் உறைந்து, விழாமல் நின்றது. மச்சானின் கால் ஈரப்பலாக்காய் போல வீங்கிக் கிடந்தது. ஆனாலும் அவர் சிரித்தார். "பெரிய பாம்புன்னே விட்டிருக்கலாமே மச்சான். கொஞ்சம் பெருமையாப் படுத்திருப்பேன்."

தங்கை வார்டு வாசலில், சாப்பாட்டுப் பார்சலோடு நின்றாள். நான் ஓடிப்போய், "ரத்தம் உறைஞ்சிருச்சும்மா. இனிப் பயமில்லயாம். நானே பாத்தேன்" என்றேன்.

"சரிண்ணே" என்றாள். பார்சலை என் கையில் கொடுத்துவிட்டு, டொக்டரிடம் கேட்க உள்ளே போனாள்.