புலிக் கம்பளியும் மைரே இலைகளும்

பசிபிக் கடலில் எங்கள் மவுக்கே தீவில் பெண்கள் கூடிக் கட்டில் விரிப்பு தைக்கும்போது என் தங்கை அகாயிதியை மட்டும் ஓரத்தில் உட்கார வைத்துத் தலையணை உறையைக் கொடுப்பார்கள். அவள் இடது கைக்காரி. ஊசி எதிர்ப்பக்கம் போகும், பக்கத்தில் இருப்பவளின் முழங்கையில் இடிக்கும் என்று காரணம் சொல்வார்கள். முதலில் சொன்னவள் தையல் கூட்டத்துத் தெபாயேரு. இடித்தால் என்ன, முழங்கை உடைந்தா போய்விடும்? நான் கேட்டிருக்கிறேன். என் தங்கை ஒருநாளும் கேட்டதில்லை. கொடுத்த உறையை மடியில் போட்டுக்கொண்டு தைப்பாள்.

வீட்டில் உட்கார்ந்து அவள் தைத்ததெல்லாமே சின்னச் சின்னப் பொருள்கள்தான். சட்டி பிடிக்கும் துணி, குழந்தைக்குக் குல்லா, ஊசி வைக்கும் பை, பைபிளுக்கு உறை. அதில் ஏதாவது ஒன்று இல்லாத வீடு இந்தத் தீவில் கிடையாது. அவள் தைத்த மூலையைத் திருப்பிப் பாருங்கள், ஒரு நூல் தலைநீட்டாது. நான் எட்டு வயதிலிருந்து தைக்கிறவள், எனக்கு அது வராது. அப்படியும் அவளுக்கு ஊரில் 'துண்டுத் துணிக்காரி' என்றுதான் பெயர்.

அவள் கணவன் தூதேரு காட்டில் மைரே கொடி பறிக்கிறவன். விமானத்தில் ஹவாய்க்கு மாலை கட்ட அனுப்புகிறார்களே, அந்தக் கொடி. ஒரு மழைநாளில் கூரான பவளப் பாறையில் வழுக்கி விழுந்தான். முழங்கால் போயிற்று. அதற்குப் பிறகு வீட்டிலேயே இருந்தான். சும்மா இருக்க முடியாமல் அவளுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டான். கோத்த ஊசிகளைச் சட்டை மார்பில் வரிசையாகக் குத்தி வைத்திருப்பான். "என்னடா, கடல் முள்ளெலி மாதிரி உக்காந்திருக்கே" என்று வந்தவர்கள் கேலி செய்வார்கள். "கிட்ட வராதே, குத்திருவேன்" என்பான்.

இருவருமாகச் சேர்ந்து அவர்களுக்கென்று ஒரு திவைவை தைத்தார்கள். பெரிய விரிப்பு, அவள் வாழ்க்கையில் அது ஒன்றுதான். துணியை எட்டாக மடித்து ஒரே வெட்டில் பூ வரவழைப்பதுதான் எங்கள் வழக்கம். அதற்கு முழுத் துணி வேண்டும். இவளிடம் இருந்தது தையல் கூட்டத்தில் மிஞ்சிய வெட்டுத் துண்டுகள். அதிலிருந்து இலை இலையாக வெட்டி, வெள்ளைத் துணியில் மைரே கொடியாகப் படரவிட்டாள். கொடியில் இலை எப்படி மாறி மாறி வரும் என்று அவன் சொல்லச் சொல்லத் தைத்தாள். எந்த இலை யார் வீட்டுத் துணி என்று ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தெரியும்.

முதலில் போகிறவரோடு அதுவும் போகட்டும் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். "நான்தான் முதல்ல கெளம்பணும். நொண்டிக் காலு, மெதுவாத்தானே நடப்பேன்" என்று தூதேரு என் எதிரிலேயே சொன்னான்.

சொன்னபடியே போனான். ஆக்லாந்திலிருந்து அவன் அக்கா நோவாய் விமானத்தில் வந்து இறங்கினாள். தம்பியின் நெற்றியில் முத்தமிட்டு அழுதாள், அதை நான் குறை சொல்லமாட்டேன். அழுது முடித்ததும், சவப்பெட்டியில் பாய் விரித்துப் படுக்கவைத்திருந்த அவன்மேல் போர்த்தியிருந்த திவைவையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு தன் பயணப் பெட்டியைத் திறந்து பிளாஸ்டிக் உறையோடு ஒரு கம்பளியை எடுத்தாள். கட்டில் அளவுக்கு ஒரு புலி, வாயைத் திறந்தபடி.

"இவ்வளவு வேலைப்பாடு மண்ணுக்குள்ள போயி அழுகணுமா? சவப்பெட்டிய மூடறப்ப நான் எடுத்துக்கறேன். எங்க சர்ச் மண்டபத்துல மாட்டினா தம்பி பேரு நிக்கும். அவனுக்கு இதப் போர்த்தி அனுப்பலாம்."

"தூதேரு பொறந்ததுலேர்ந்து ஒரு புலியக் கண்ணால பாத்ததில்ல. செத்தப்புறம் அதுகூடப் படுக்கணுமா?" என்றேன்.

"இது எங்க குடும்ப விஷயம். வீடு நிக்கறது எங்க நிலத்துல" என்றாள் நோவாய்.

அதற்குமேல் அவள் சொல்லத் தேவையில்லை. அந்தக் குடும்பத்தில் மூத்தவள் அவள், நிலத்தில் அவள் சொல்தான் செல்லும்; கிளம்பு என்றால் என் தங்கை வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான். என் தங்கை தலை நிமிராமல், "சரி அண்ணி" என்றாள்.

நோவாயைவிட அகாயிதியின் மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது. மதியம் எல்லோரும் முற்றத்தில் சாப்பிடப் போனபோது அவளை உலுக்கி, உனக்கு வாயில்லையா என்று கேட்டேன். "நீ போயி சாப்பிடுக்கா" என்றாள். நான் சாப்பிடவில்லை. வாசலில் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். ஒருமுறை திரும்பியபோது அவள் இடது கை விரிப்பின் ஓரத்துக்கு அடியில் அசைந்துகொண்டிருந்தது. அவன் கையைத் தடவுகிறாள் என்று நினைத்தேன்.

மாலையில் போதகர் ஜெபம் சொல்லி முடித்தார். வீட்டு முன்னால், அவன் அப்பா அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் குழி தயாராக இருந்தது. மூடியைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் வந்தார்கள். நோவாய் குனிந்து தோள்பக்கம் விரிப்பைப் பிடித்து இழுத்தாள். விரிப்பு வரவில்லை. அடியில் கிடந்த பாயும் சேர்ந்து எழும்பியது, தூதேருவின் தோள் லேசாக அசைந்தது. அவள் கையை விட்டுவிட்டாள்.

ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை, சுற்றிலும், திவைவை பாயோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. அரிசி அளவுத் தையல், எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து.

"ஒரு கத்தரி குடுங்க" என்றாள் நோவாய்.

தையல் கூட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் அங்கேதான் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். இந்தத் தீவில் தைக்கிற ஒருத்தி கத்தரி இல்லாமல் கோயிலுக்குக்கூடப் போகமாட்டாள். ஒரு பையும் திறக்கவில்லை. நோவாய் நேராகத் தெபாயேருவின் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"வீட்டுல வச்சிட்டு வந்துட்டேனே" என்றாள் தெபாயேரு. கத்தரியின் பிடி அவள் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நோவாய் அதைப் பார்த்தாள். தெபாயேரு அதை மறைக்கவில்லை.

அப்போதுதான் அகாயிதி பேசினாள். "பிரிக்கணும்னா பிரிச்சுக்கங்க அண்ணி, ஊசி தரேன். ஆனா அவர அசைக்காம பிரிக்க முடியாது."

போதகர் ஆண்களைப் பார்த்துத் தலையசைத்தார். பெட்டியை மூடினார்கள்.

நோவாய் சொல்லிக்கொள்ளாமல் விமானம் ஏறினாள். என் தங்கை குடும்பச் சொத்தைத் திருடிப் புதைத்துவிட்டாள் என்று ஆக்லாந்தில் சொல்லித் திரிகிறாளாம். புலிக் கம்பளியை இங்கேயே விட்டுப் போய்விட்டாள். அதை என் நாய்க்கு விரித்தேன். அகாயிதி எடுத்துத் துவைத்து மடித்து வைத்தாள். அவள் அப்படித்தான்.

நான் அப்படியில்லை. அந்த நிலத்திலிருந்து என் தங்கையைக் கிளப்ப நோவாய் வரட்டும். அன்றைக்கு அவள் கேட்டும் நான் திறக்காத பை, கத்தரியோடு, இன்னும் என் மடியில்தான் இருக்கிறது.